எரிந்த மேட்டில் ராஜம்மாவின் பாடு

ராஜம்மா பேசாமல் இருக்கும் நேரம் ஒன்றே ஒன்று உண்டு. தாழமடுவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இரண்டு கைகளும் சேற்றுக்குள் இறாலைத் துழாவும். அகப்பட்டதை எடுத்து, மோவாய்க்குக் கீழே மிதக்கும் பறிக்குள் போடுவாள். வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடும், பறியோடு அன்றைய பிழைப்பும் போய்விடும். ஆகவே அவள் வாயைத் திறப்பதில்லை.

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் பேசாமல் இருப்பதை யாரும் கவனித்ததில்லை. ராஜம்மாவின் மௌனத்தைச் சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சிற்றூர் முழுவதும் கவனித்தது. கரையில் மீன் ஏலம் விடும் பச்சைமுத்து, அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் ஏலத்தை ஆரம்பிப்பார். அவள் கரையில் நிற்கும்போது ஏலம் கூவினால், எந்த நண்டு நேற்றையது என்பதை அவள் கூடவே கூவுவாள். வியாபாரிகள் அவள் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

தாழமடு என்பது ஏரி கொஞ்சம் உள்வாங்கி நிற்கும் ஒரு சிறிய குடா. அதன் தலைமாட்டில் காரைமேடு. காரையும் களாவும் முள்ளும் வடலிப் பனையுமாக அடர்ந்த காப்புக்காடு அது. மேட்டின் நடுவிலிருந்து ஓர் ஓடை நேராக மடுவுக்குள் இறங்குகிறது. ராஜம்மா காட்டை மதித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "முள்ளு, பாம்பு, அரிப்பு. வேற இன்னா கீது அதுல?" என்பாள். சொல்லிவிட்டுச் சுள்ளி பொறுக்க அங்கேதான் போவாள். களாப்பழம் அங்கேதான். முட்டி வலிக்குக் கட்டும் தழையும் அங்கேதான். சுள்ளிக்காக அவளை அதட்டிய வனத்துறைக்காரர்களைப் பற்றி அவள் சொல்லியவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

முட்டி வலி என்பது சாதாரண விஷயமல்ல. முன்பெல்லாம் அவள் வடக்கே புதுமடு வரைக்கும் நடந்து போய் இறால் பிடித்தவள். இப்போது தாழமடுவுக்கு மேல் கால் போகாது. படகு இல்லை, படகில் போய் வலை போடும் உரிமையும் அவள் வீட்டாருக்கு இல்லை. அவளுக்கு ஏரி என்றால் அந்த ஒரு மடுதான். ஏரி எவ்வளவு பெரியது என்று யாராவது பெருமை பேசினால், "பெருசா இருந்து இன்னா புண்ணியம்? என் முட்டிக்கு எட்டலையே" என்பாள்.

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் முடியாத ஆனி மாதத்தில் காரைமேடு பற்றிக்கொண்டது. யார் வைத்த தீ என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆளைத் தெரியும். சருகில் பிடித்த நெருப்பு மேல்காற்றில் ஓடி, ஒரே பகலில் மேட்டை மொட்டையடித்துவிட்டது. கருகிய பனைகள் அடுப்பில் மறந்த கத்தரிக்காய் போல நின்றன. ராஜம்மா போய்ப் பார்த்தாள். "ஒழிஞ்சது சனி" என்றாள். பிறகு வெகு நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வித்யா என்ற வனவர் பொன்னேரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். சின்ன வயது, காக்கி உடுப்பு, பேச்சில் பொறுமை. மேட்டில் ஊர்க்காரர்களைக் கூட்டி, ஒரு குடம் தண்ணீரைக் கருகிய மண்ணில் ஊற்றிக் காட்டினார். மண் அதைக் குடிக்கவில்லை. தண்ணீர் முத்து முத்தாக நின்று, பிறகு சாம்பலையும் மணலையும் கூட்டிக்கொண்டு சரிவில் ஓடியது.

"எண்ணெ தடவின தலையாட்டம் கீது" என்றாள் ராஜம்மா.

"அதேதான்மா. ஐப்பசி மழை இதுமேல விழுந்தா மேடு கரைஞ்சு உங்க மடுவுக்குத்தான் வரும்" என்றார் வித்யா. இன்னோர் இடத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் மெதுவாகக் கீழே இறங்கிக் காணாமல் போயிற்று. "இதுக்குப் பேரு மூடாக்கு. மழைத்துளி மண்ணை நேரா அடிக்காது. தண்ணியும் ஓடாது. செடி திரும்பி முளைக்கிற வரைக்கும் இது தாங்கும்."

"ஒரு கொடத்துக்குத் தாங்கும் மேடம். வானம் இன்னா கொடத்துலயா ஊத்துது?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மா சிரிக்கவில்லை. புதுமடுவுக்கு என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அதன் கரைமேடும் இப்படித்தான் எரிந்தது. அடுத்த மழையில் மேடு இறங்கி மடுவில் உட்கார்ந்துகொண்டது. இப்போது அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் நடக்கிறது. ஸ்டம்ப் நடுவதற்கு அதைப் போல வாகான மண் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்கிறார்கள்.

வைக்கோல், ஏரிக்கு மேற்கே நெல் பயிரிடும் விவசாயி ஹரிஹரனிடமிருந்து வந்தது. மழையில் நனைந்து நிறம் போன பழைய வைக்கோலை டிராக்டரில் ஏற்றிவிட்ட அவர், "காட்டுக்கு வைக்கோல் போடறீங்களே, காடு இன்னா கறவைக்கு வரப் போவுதா?" என்று கேட்டாராம். தன் மாடுகள் முகராத சரக்கு ஒன்று அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

வைக்கோலைப் பரப்பும் வேலையை ஊரிடமே விட்டார்கள். ஊர் என்றால் ஆதிகேசவன். படகுக்காரர்களின் தலைவர், நியாயஸ்தர், நியாயத்தை நிதானமாகச் செய்யக்கூடியவர். ஊரில் எந்த வேலை வந்தாலும் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பாடு. ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டெடுத்துப் பிரித்து, முறை வைத்து மாற்றிக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். இன்று நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. மோசமான இடமும் அப்படியே சுற்றி வரும். இந்த ஏற்பாட்டால்தான் பல தலைமுறையாக ஏரியில் மண்டை உடையாமல் இருக்கிறது. ஆகவே காரைமேட்டிலும் கழி நட்டார்கள், மேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள், சீட்டு எடுத்தார்கள். கையால் பிடிக்கும் குடும்பங்களுக்குப் பாடு முறையில் பங்கு இல்லை என்பது ஏரியின் வழக்கம். அந்த வழக்கமும் கூடவே மேடேறிவிட்டது. மடுவை நம்பிப் பிழைப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் மடுவைக் காப்பாற்றக் கிளம்பினார்கள்.

ஆடிக் காற்றில் ஏரியில் அதிகம் வேலை இல்லை, ஆகவே ஆள் பஞ்சமில்லை. மேட்டின் தலைப்பகுதி சமதரை, எரியாமல் தப்பிய ஒரு வேம்பின் நிழலும் உண்டு. அங்கே பாடு விழுந்தவர்கள் கல்யாண மெத்தை போல வைக்கோலைப் பரப்பினார்கள். ஓடை மடுவுக்கு இறங்கும் ஓடை வாய் செங்குத்து. கால் வைத்தால் கரியோடு சறுக்கும். அங்கே பாடு விழுந்தவன் நாலு கைப்பிடி தூவிவிட்டு, 'நாளைக்கு வர்றவன் பார்த்துப்பான்' என்று வேம்படிக்கு வந்துவிட்டான். மறுநாள் வந்தவனுக்கும் ஒரு மறுநாள் இருந்தது. ஏரியில் இதனால் பாதகமில்லை. இன்றைக்கு ஒருவன் அரைமனதாக வலை போட்டாலும், நாளைக்கு மீன் புதிதாக வரும். மண்ணுக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

வித்யா வந்து பார்க்கத்தான் செய்தார். சாலை மேட்டின் தலைப்பக்கமாக வருவதால், ஸ்கூட்டரை வேம்படியில் நிறுத்தினார். மெத்தையைப் பார்த்தார், படம் எடுத்தார், எல்லோரையும் பாராட்டினார், திரும்பிப் போனார்.

ஆடி முடியும் சமயத்தில் ஒரு சாயங்காலம் மழை பெய்தது. மழை என்று சொல்வதற்கே மழை வெட்கப்படும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் ராஜம்மா மடுவில் இறங்கினாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது. வைக்கோல் பாய் பாயாக மிதந்து வந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சேற்றுக்குள் விட்ட கைக்குச் சேறு அகப்படவில்லை, நறநறவென்று மணல் அகப்பட்டது.

அப்போதுதான் கரையில் இருந்தவர்கள் இதுவரை காணாத ஒன்றைக் கண்டார்கள். ராஜம்மா தண்ணீருக்கு நடுவில் வாயைத் திறந்தாள். பறி தனியாக மிதந்து போயிற்று. ஏலம் விட்டுக்கொண்டிருந்த பச்சைமுத்து பாதியில் நிறுத்தினார்.

ஈரப் புடவையோடும் தலையில் வைக்கோலோடும் அவள் நேராக வலைக் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஆதிகேசவன் அன்றைய சீட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த தேவேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா, தலைல கூடு கட்டிகினு வர்ற?"

"உன் பாடுதான்டா இது. மேட்லேர்ந்து எறங்கி என் மடுவுக்கு வந்துகீது. உன்னாண்ட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று தலையிலிருந்த வைக்கோலை எடுத்து அவன் மடியில் போட்டாள். பிறகு ஆதிகேசவனிடம் திரும்பினாள். ஆந்திர எல்லைப் பழக்கத்தில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, நேத்து ஓடை வாய் யாரு பாடு?"

"நேத்து... தேவேந்திரன்."

"எனக்கு முந்தி ஜான்" என்றான் தேவேந்திரன் உடனே. "அவன் ஒயுங்கா போட்டிருந்தா நான் இன்னாத்துக்கு..."

"அடப்பாவி, எனக்கு முந்தினவன் ஒரு கட்டுகூடப் பிரிக்கல" என்றான் ஜான்.

முந்தினவன் அதற்கு முந்தினவனைக் காட்டினான். பேச்சு இப்படியே பின்னுக்குப் பின் போய், சீட்டெடுத்த முதல் நாள் ஓடை வாய் யாருக்கு விழுந்தது என்ற இடத்தில் சட்டென்று நின்றது. முதல் நாள் அது ஆதிகேசவனுக்கு விழுந்திருந்தது.

ஆதிகேசவன் செருமினார். "சரி, நடந்தது நடந்துச்சி. இப்ப உனக்கு இன்னாம்மா வேணும்?"

"அந்த ஓடை வாய எனக்குப் பாடா குடு."

கொட்டகையில் ஒரு சலசலப்பு. "உங்க ஜனத்துக்குப் பாடு கெடையாதே, ராஜம்மா. எந்தக் காலத்துலயும் கெடையாதே" என்றார் ஆதிகேசவன்.

"ஏரில கெடையாது. எரிஞ்ச மேட்லயும் கெடையாதுன்னு எந்த சாமி சொல்லிச்சி? குடு. மாத்தாத குடு. இன்னைக்கும் நான்தான், நாளைக்கும் நான்தான்."

"மாறாத பாடு பாடே இல்லைம்மா."

"அப்ப வேற பேரு வெய்யி. பேரு வெக்க உன்னாண்ட ஆளா இல்ல?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்ததே கொட்டகையில் பலருக்குப் பயமாக இருந்தது. "மடு தூந்து போனா உங்க படகு வேற எடத்துக்குப் போவும், நைனா. என் முட்டி எங்க போவும்?"

ஆதிகேசவன், தோற்றது தெரியாமல் தோற்பதில் கெட்டிக்காரர். சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை மேட்டில் யாருடைய பாடும் மாறாது, எடுத்த துண்டு எடுத்தவனுக்கே என்று புதுச் சட்டம் ஒன்றை அறிவித்தார். கடைசியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பவர் போல, ஓடை வாய் ராஜம்மாவுக்கு என்றார். அவள் குடும்பத்துக்கு வரலாற்றில் முதல் முதலாகக் கிடைத்த பாடு, தண்ணீரே இல்லாத ஒரு கரிச்சரிவு. அதையும் அவள் சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

மறுநாளிலிருந்து ராஜம்மாவும், அவளோடு இறாலுக்குப் போகும் தேவியும் சரிவில் இருந்தார்கள். அடுத்த தடவை வித்யா வந்தபோது, ஸ்கூட்டரை வேம்படியில் விட்டுவிட்டு ஓடை வரைக்கும் இறங்கி வந்தார். வந்தவர் திகைத்துப் போனார். ஈனப் போகும் பசுவுக்குப் போடுவது போல முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் கிடந்தது.

"அம்மா, இவ்ளோ கனமா போட்டா கீழ இருக்கிற விதை முளைக்காது. வைக்கோல் நடுவுல அங்கங்க மண்ணு தெரியணும்."

"மண்ணு தெரியக் கூடாதுன்னுதானே போடச் சொன்ன?"

"கொஞ்சம் தெரியணும்மா."

"கொஞ்சம் மூடணும், கொஞ்சம் தெரியணும். இது இன்னா வைக்கோலா, சினிமாக்காரி பொடவையா?"

திட்டிக்கொண்டே பாதியை அள்ளிக் கீழே இருந்த மொட்டைத் தரையில் போட்டாள். கருகிய கட்டைகளை அவள் சரிவை ஒட்டி மேலும் கீழுமாக உருட்டிவிட்டிருந்தாள், அப்படித்தான் சுலபமாக உருண்டன. தண்ணீரை மறிக்க அவை குறுக்கே கிடக்க வேண்டும் என்றார் வித்யா. அது ஆகாத காரியம் என்று ராஜம்மா அரை மணி நேரம் வாதாடினாள். மறுநாள் காலையில் தேவியிடம், "கட்டையக் குறுக்கால போடுடீ. எத்தினி வாட்டி சொல்றது?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய நைலான் வலையை மேலே கட்டிவிடலாம் என்று அவள் சொன்னபோது வித்யா ஒரேயடியாக மறுத்தார். உடும்பும் பாம்பும் அதில் சிக்கிச் சாகும் என்றார்.

"பாம்பு செத்தா நல்லதுதானே மேடம்?"

"இல்லம்மா."

"உங்க டிபார்ட்மென்ட்ட புரிஞ்சிக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டு, சீமைக்கருவேல முள்ளை வெட்டி வைக்கோலின்மேல் போட்டாள். அதில் ராஜம்மாவின் கைதான் முதலில் சிக்கியது.

இனி மாடுகள். ஹரிஹரனுடைய மாடுகளின் நாசூக்கு ஊர் மாடுகளுக்குக் கிடையாது. பழைய வைக்கோல் என்றாலும் அவை படையெடுத்து வந்தன. வேலி வேண்டும் என்று வனவர் மேலிடத்தைக் கேட்டிருந்தார். வேலி வரவில்லை. ராஜம்மா வந்தாள். காலையில் மடு, மற்ற நேரமெல்லாம் மேடு. மேட்டிலிருந்து அவள் போடும் சத்தத்தில் மாடுகள் தொலைவிலிருக்கும் தோணிரேவு ஊர்ப் பக்கம் திரும்பி ஓடின என்று ஜான் சொல்வது மிகைதான், ஆனால் மாடுகள் திரும்பின. இத்தனை வருஷமாக ஊர் எந்தத் தொண்டையை நினைத்து அலுத்துக்கொண்டதோ, அந்தத் தொண்டை இப்போது வேலியாக நின்றது. இதற்கு நன்றி சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொன்னால் இன்னும் பலமாகக் கத்துவாளோ என்ற அச்சம்தான் காரணம்.

புரட்டாசியில் விழுந்த தூறலுக்கு வைக்கோலின் இடுக்கில் பச்சை தெரிந்தது. முதலில் வந்தது நெல், வைக்கோலோடு ஒட்டி வந்த மணி. "காட்ட நட்டு விட்டிருக்கீங்க மேடம், தையில அறுத்துக்கலாம்" என்றாள் ராஜம்மா. வாரங்கள் கழித்துக் காரைச் செடியின் அடித்தூரில் துளிர் வந்தபோது அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சுள்ளியை எடுத்து அதன் பக்கத்தில் நட்டுவிட்டு, மாடு வருகிறதா என்று பார்க்கப் போனாள்.

ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மழை பகலும் இரவுமாகக் கொட்டித் தீர்த்து, விடிந்த பிறகுதான் மூச்சு விட்டது. ஊரே மேட்டுக்குக் கீழே கூடிவிட்டது. வித்யா முழங்கால் வரை சேறாகி எப்படியோ வந்து சேர்ந்திருந்தார். ஓடை இரைந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் கட்டை புரண்டு, சரிவு கிழிந்து, சிவப்பாக ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் விழுந்தது. ஆனால் மற்ற இடங்களில் கட்டைகளின் முதுகில் மணல் படிபடியாகத் தங்கி நின்றது. வைக்கோல் நனைந்த நாய் போல மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மடுவின் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கரையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சேற்றுக்குள் கை விட்டால்தான் தெரியும்.

"போச்சி. எல்லாம் போச்சி. அப்பவே சொன்னேன், வைக்கோலாவது மயிராவது" என்று பேசிக்கொண்டே ராஜம்மா புடவையை வரிந்து கட்டினாள். தண்ணீரில் கால் வைக்கும்போதும் பேசினாள். முழங்கால் ஆழத்தில் வனத்துறையைத் திட்டினாள். தொடை ஆழத்தில் ஆதிகேசவனைத் திட்டினாள். இடுப்பு ஆழத்தில் குனிந்து, கையைச் சேற்றுக்குள் விட்டு, அப்படியே நின்றாள்.

பிறகு பறியின் கயிற்றை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கரையில் யாரும் அசையவில்லை. அவள் ஓர் அடி நகர்ந்தாள், இன்னோர் அடி. கை மேலே வருவதும் பறிக்குள் போவதுமாக இருந்தது. கையில் என்ன இருந்தது என்பது அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை.

"இன்னா ராஜம்மா? சேறா, மணலா?" என்று ஆதிகேசவன் கூப்பிட்டார்.

பதில் இல்லை.

"அக்கா, எறா கீதா?" என்று தேவேந்திரன் கத்தினான்.

அதற்கும் பதில் இல்லை. முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

வித்யாவுக்குக் கவலையாகிவிட்டது. "ஏன் பேச மாட்டேங்கறாங்க? கோவமா இருக்காங்களா?" என்று ஆதிகேசவனிடம் கேட்டார்.

"கோவம்னா இந்நேரம் பேசியிருப்பா மேடம்" என்றார் ஆதிகேசவன்.

அவருக்குப் பின்னால், மழைக்கு முந்தின நாள் நண்டுக் கூடைகளைப் பச்சைமுத்து சத்தமில்லாமல் முன்னால் இழுத்து வைத்தார். மடுவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்று காலையில் பிடித்தது என்று ஏலத்தை ஆரம்பித்தார்.